தோல்வியும் ஒரு கல்வியே

கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றை எளிதில் உணர்வர். வென்ற அணிக்கு அங்கே ஒரு முழுப்பக்கப் படம் உண்டு. நடுவில் முதல்வர் வீற்றிருப்பார். அவர் அருகே உடற்கல்வி இயக்குநரும் அணித்தலைவரும் அமர்ந்திருப்பர். முன்னே சுழற்கோப்பை பளபளக்கும். தோற்ற அணிக்கோ ஒரு வரியும் இராது. ஆண்டு முழுதும் அதே மைதானத்தில், அதே வெயிலில், அதே வியர்வை சிந்திப் பயின்றவர்கள்தாம் அவர்களும். வெளியூர் சென்று ஆடித் தோற்று நள்ளிரவில் பேருந்திலிருந்து இறங்கி, ஓசையின்றி விடுதிக்குள் நுழைந்தவர்கள் என்பது ஒன்றே அவர்கள் செய்த குறை. தோல்வியை நாம் மறக்க விரும்புகிறோம். மறக்க விரும்புவதனாலேயே அதனிடமிருந்து கற்க வேண்டியதையும் கற்காது விடுகிறோம்.

இக்கட்டுரை தோல்வியைப் பற்றியது. அதிலும் சிறப்பாக, அயலூர் மண்ணில் நேரும் தோல்வியைப் பற்றியது. அதனினும் சிறப்பாக, களத்தில் இறங்காமலே அத்தோல்வியைச் சுமக்கும் இரசிகனைப் பற்றியது. கால்பந்து வெறும் பொழுதுபோக்கு, அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வினவும் பெரியோர் உளர். அவர்கள் கருத்தையும் மதித்தே இதனை எழுதுகிறோம்.

கொல்லிமலையில் ஓர் இரவு

2020ஆம் ஆண்டு மார்ச் 14, சனிக்கிழமை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் பொருட்டு நம் மாணவர்களுடன் கொல்லிமலையில் தங்கியிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் செம்மேடு. அங்கிருந்து உள்ளே சென்றால் சிறு சிறு நாடுகளாகப் பகுக்கப்பெற்ற மலைச் சிற்றூர்கள். பகலெல்லாம் பள்ளி வளாகத்தைச் செப்பனிட்டும், பாதையோரம் கன்று நட்டும் களைத்திருந்த மாணவர்கள், அந்தி சாய்ந்ததும் ஊருக்கு மேலிருந்த ஒரு பாறையை நோக்கி விரைந்தனர். கைப்பேசிக்கு அலைத்தொடர்பு கிடைக்கும் இடம் அஃதொன்றே.

அன்றிரவு கோவாவின் படோர்டா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப்போட்டி. ஒருபுறம் சென்னையின் எப்.சி.; மறுபுறம் அந்நாளில் ஏ.டி.கே. என வழங்கிய கொல்கத்தா அணி. இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உள்ளங்கை அளவுள்ள ஒரே திரையைச் சூழ்ந்து, தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தனர். மலைக்குளிரும் பனியும் அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அப்போட்டிக்கு முன்னெப்போதும் இல்லாத ஒரு தன்மை இருந்தது. கொரோனாத் தொற்றின் அச்சத்தால் அரங்கின் கதவுகள் பார்வையாளர்க்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆரவாரம் இல்லை, கொடி இல்லை, பறை இல்லை. சென்னையிலிருந்து கோவா செல்லக் காத்திருந்த இரசிகர்களும் வீட்டிலேயே அமர்ந்து காண வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர் ஒருவரையொருவர் விளித்துக் கூவுவது கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டது.

பத்தாவது நிமிடத்தில் யாவி எர்னாண்டஸ் கொல்கத்தா அணிக்கு முதற் கோலை அடித்தார். இடைவேளைக்குப் பின் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், 48ஆவது நிமிடத்தில், எடு கார்சியா இரண்டாவதை அடித்தார். பாறையின்மேல் பேச்சு அடங்கிற்று. 69ஆவது நிமிடத்தில் சென்னையின் வால்ஸ்கிஸ் ஒரு கோல் திருப்பியபோது எழுந்த கூக்குரல் பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் வரை சென்று மீண்டது. அதன்பின் இருபது நிமிடங்கள் நம்பிக்கையின் நிமிடங்கள். இறுதியில், கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில், எர்னாண்டஸ் மீண்டும் ஒரு கோல் அடித்தார். மூன்றுக்கு ஒன்று. எல்லாம் முடிந்தது.

தோல்வியின் வலி அதன் அளவினால் மட்டும் அமைவதில்லை; அதற்கு முன் வளர்ந்திருந்த நம்பிக்கையினால் அமைகிறது. அப்பருவத்தின் தொடக்கத்தில் சென்னை அணி மிகப் பின்தங்கிக் கிடந்தது. பயிற்சியாளர் மாறினார், ஓவன் கோயில் பொறுப்பேற்றார், அணி உயிர்பெற்று எழுந்தது. அரையிறுதியின் முதற்கட்டத்தில் சென்னையில் கோவா அணியை நான்குக்கு ஒன்று என வென்றது. இரண்டாம் கட்டத்தில், அதே படோர்டாவில், இரண்டுக்கு நான்கு எனத் தோற்றது. ஆயினும் இரு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் ஆறுக்கு ஐந்து என முன்னேறிற்று. மார்ச் 7ஆம் நாள் அதே மண்ணில் தோற்றும் வென்ற அணி, ஒரு கிழமை கழித்து அங்கேயே தோற்றே போயிற்று.

மலையூர் முதியவரின் வினா

மாணவர்கள் பாறையை விட்டு இறங்கி வந்தனர். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். திண்ணையில் அமர்ந்திருந்த மலையூர் முதியவர் ஒருவர் அவனைப் பார்த்து, "ஏன் தம்பி, ஊர்ல யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சா?" என்று பதறிக் கேட்டார். பந்தாட்டத்தில் சென்னை தோற்றது என்றனர் மாணவர். "நீங்க மெட்ராஸ்காரங்களா?" என்றார். இல்லை என்றனர். "ஆடுனவங்க உங்க சொந்தக்காரங்களா?" என்றார். இல்லை என்றனர். "அப்ப உங்களுக்கு என்ன சாமி போச்சு?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் உள்ளே சென்று, குடிக்கச் சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவ்வினா ஏளனத்தால் எழுந்ததன்று. அறியும் விருப்பால் எழுந்தது. நாமும் அதற்கு விடை காண முயல்வது தகும்.

இரசிகன் இழப்பது யாது? பொருளன்று, பதவியன்று, உறவுமன்று. வென்றிருந்தால் அவனுக்குப் பரிசுத்தொகையில் ஒரு காசும் வந்திராது. அவ்வணியின் முன்னணி வீரர் பலர் கடல் கடந்து வந்தவர். வால்ஸ்கிஸ் லிதுவேனியா நாட்டினர். எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழகத்து வீரர் ஒரு சிலரே அவ்வணியில் இருந்தனர். எனினும் அந்த இளைஞன் கண் கலங்கினான். ஏனெனில் அவன் தன் நம்பிக்கையை மனமுவந்து அவர்களிடம் ஒப்படைத்திருந்தான். கைம்மாறு கருதாது கொடுத்த ஒன்று சிதைவதைக் கண்டான். தனக்கு ஒரு பயனும் இல்லாத இடத்தில் பிறருக்காக மகிழவும் வருந்தவும் வல்ல நெஞ்சம் மனிதர்க்கு வாய்த்த பெரும்பேறு. அந்நெஞ்சத்தை நகையாடுவது நன்றன்று. அதனை நெறிப்படுத்துவதே கல்விக்கூடத்தின் கடமை.

அதே அரங்கு, வேறொரு கண்ணீர்

அம்மாணவர்கட்குப் படோர்டா என்னும் பெயர் முதலில் இனிப்பாகவே அறிமுகமாயிற்று. 2015 டிசம்பரில் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மிதந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது சென்னை அணி தன் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைத் தன் ஊரில் ஆட இயலாது புனே நகரில் ஆடியது. ஊரிழந்து ஆடிய அவ்வணி கொல்கத்தாவை வென்று, டிசம்பர் 20ஆம் நாள் படோர்டாவில் கோவாவை எதிர்கொண்டது. 87ஆவது நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்றது. அரங்கம் கொண்டாடத் தொடங்கியது. 90ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்காவலர் கட்டிமணியின் மேற்பட்டுப் பந்து அவர்தம் வலைக்குள்ளேயே புகுந்தது. அடுத்த இரு நிமிடங்களில் மெண்டோசா சென்னைக்கு வெற்றிக் கோலை அடித்தார்.

அன்று நாம் துள்ளிக் குதித்தோம். அதே நொடியில் அவ்வரங்கில் கோவாவின் சிறுவர் எத்துணை பேர் தந்தையின் தோளில் முகம் புதைத்தனரோ! 2018 மார்ச் 17இல் பெங்களூரின் கண்டீரவா அரங்கில் பெங்களூர் அணியை மூன்றுக்கு இரண்டு என வென்று சென்னை இரண்டாம் முறை வாகை சூடியபோதும் அவ்வாறே. நாம் ஏந்திய இரு கோப்பைகளும் பிறர் மண்ணில், பிறர் கண்ணெதிரே ஏந்தியவை. நமது பெருமகிழ்ச்சி ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஊரின் துயரமாக இருந்தது. இதனை உணர்ந்தவன் தோற்கும்போது சினங்கொள்ள மாட்டான்; முன்னர் பிறர் பருகிய கிண்ணம் இன்று நம் கைக்கு வந்தது என்று அமைவான்.

தோற்றவனைப் போற்றும் மலை

கொல்லிமலையில் இருந்துகொண்டு தோல்வியைப் பற்றி எண்ணுவோர்க்கு வல்வில் ஓரியின் நினைவு வாராதிராது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் அவன். ஓரம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எனத் தொடர்ந்து துளைத்த அவனது வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அத்தகைய வில்லாளனும் தோற்றான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூற்றில் கல்லாடனார் குறிக்கிறார். ஓரியைக் கொன்றபின் காரி அவனது பெருந்தெருவில் புகுந்தபோது அவ்வூரார் எழுப்பிய பேராரவாரத்தை நற்றிணையில் கபிலர் உவமையாக்கினார். தம் மண்ணில் அயலான் வெற்றியோடு நுழைவதைக் கண்ட மக்களின் ஓலம் இரண்டாயிரம் ஆண்டுகளாய் அப்பாட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வென்ற காரி நிலைத்தானா? அவனது கோவலூரையும் ஒருநாள் அதியமான் நெடுமான் அஞ்சி வென்றான். அந்த அதியமானின் தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. வெற்றி என்பது ஒருவர் வீட்டில் நிலையாகத் தங்கும் விருந்தினர் அன்று. ஊர் ஊராய்ச் சென்று கொண்டிருக்கும் வழிப்போக்கர். இன்று செம்மேட்டில் சிலையாய் நிற்பவன் ஓரி. ஆடித் திங்களில் அரசு விழா எடுத்து, வில்வித்தைப் போட்டி நடத்தி நினைவுகூர்வதும் அவ்வோரியையே. மலைமக்கள் தங்கள் தலைவன் தோற்றான் என்பதற்காக அவனைக் கைவிடவில்லை. உண்மையான இரசிகர் யாவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வெண்ணிப்பறந்தலைப் போரினையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். சேரமான் பெருஞ்சேரலாதன் சோழ நாட்டுக்குட் சென்று கரிகாலனோடு பொருது தோற்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அவனைப் பாடியவர் யார்? கழாத்தலையார் மட்டுமல்லர், கரிகாலனின் நாட்டில், போர் நிகழ்ந்த அவ்வூரிலேயே வாழ்ந்த வெண்ணிக்குயத்தியாரும் பாடினார். வென்ற வேந்தனையே முன்னிலைப்படுத்தி, உன்னைக் காட்டிலும் நாணி வடக்கிருந்த அவன் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்பட வினவினார். சொந்த ஊர் வென்ற நாளில், வந்து தோற்ற விருந்தினனின் மாண்பை எடுத்துரைக்க ஒரு பெண்பாற் புலவர்க்கு நெஞ்சுரம் இருந்தது. அதனைக் கேட்டிருக்க ஒரு வேந்தனுக்குப் பொறை இருந்தது. இதுவே தமிழ் மரபு. இம்மரபினர் எதிரணியினர் மீது தண்ணீர்ப் புட்டியை வீசுவது முறையாகுமா?

மன்னாவும் பார்போசாவும்

தோல்விக்குப்பின் ஒரு சமுதாயம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே அதன் பண்பாட்டின் அளவுகோல். இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுக் காண்போம்.

1948 ஜூலை 31. விடுதலை பெற்ற இந்தியா இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடிய முதற்போட்டி. நம்மவரிற் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. சாரங்கபாணி இராமன் 70ஆவது நிமிடத்தில் அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து வென்றது. இதில் நெஞ்சை அறுப்பது யாதெனில், இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின என்பதே. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா.

அவர் நாடு திரும்பியபோது தூற்றி ஒதுக்கப்பட்டாரா? இல்லை. 1951இல் புதுதில்லியில் நிகழ்ந்த முதல் ஆசிய விளையாட்டில் அவரே இந்திய அணித்தலைவர். ஈரானை ஒன்றுக்குச் சுழியம் என வென்று தங்கம் கொணர்ந்தார். பின்னர் பத்மசிறீ விருதும் பெற்றார். தவறிய ஒருவர்மீது நம்பிக்கை வைத்த நாடு அந்நம்பிக்கையின் பயனையும் பெற்றது.

மற்றொன்று 1950 ஜூலை 16. பிரேசில் தன் மரக்கானா அரங்கில் உருகுவேயிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்று உலகக் கோப்பையை இழந்தது. சமன் செய்தாலே போதும் என்றிருந்த நிலையில் நேர்ந்த வீழ்ச்சி. கோல்காவலர் பார்போசாவின் தலையில் முழுப்பழியும் சுமத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மறையும்வரை, ஐம்பது ஆண்டுகள், அவர் அப்பழியைச் சுமந்தார். பதினோருவர் ஆடிய ஆட்டத்தின் தோல்வியை ஒருவரே வாழ்நாளெல்லாம் சுமப்பது நீதியாகுமா?

இதனினும் கொடிது ஒன்று உண்டு. 1994 உலகக் கோப்பையில், அமெரிக்க மண்ணில், அந்நாட்டு அணிக்கு எதிராகக் கொலம்பியாவின் ஆந்திரே எசுகோபார் தம் வலைக்குள் தாமே பந்தைத் தட்டிவிட்டார். ஊர் திரும்பிய அவர் ஜூலை 2ஆம் நாள் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டிலும் 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் கொல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில், கிழக்கு வங்க அணியும் மோகன் பகானும் ஆடிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் இரசிகர் பதினாறு பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காணப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அன்பு வரம்பு கடந்தால் அதுவே வெறியாகும் என்பதற்கு இவை மறுக்கவியலாச் சான்றுகள்.

முகாமில் நிகழ்ந்தது

இத்தகைய பெருந்தீங்குகள் தொலைவில், வேற்று மக்களிடையே நிகழ்பவை என்று நாம் அமைதி கொள்ளலாகாது. தீயின் பொறி நம் வீட்டு அடுப்பிலும் உண்டு. அன்றிரவு நம் முகாமில் கொல்கத்தா அணியை விரும்பிய மாணவன் ஒருவன் இருந்தான். கடைசிக் கோல் விழுந்ததும் அவன் கைதட்டிச் சிரித்தான். அவனை யாரும் அடிக்கவில்லை; வைதாரும் இலர். ஆனால் இரவு உணவின்போது அவன் அருகே ஒருவரும் அமரவில்லை. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய பிள்ளைகள் அவர்கள். அவன் தனியே ஒரு மூலையில் உண்டான். நாம் சென்று அவனருகே அமர்ந்தோம். எனினும் தோழர் அமர்வதற்கு ஆசிரியர் அமர்வது ஈடாகாது.

மறுநாளும் அந்த ஊடல் நீங்கவில்லை. முகாம் முடிந்தது. அக்கிழமையே கல்லூரிகள் அடைக்கப்பட்டன. மார்ச் 25 முதல் நாடே அடங்கிற்று. இரண்டாமாண்டில் இருந்த அவர்கள், மூன்றாமாண்டு மாணவராய் மீண்டும் வகுப்பறையில் ஒருவரையொருவர் கண்டது டிசம்பரில். ஒரு பந்தாட்டத்தின் பொருட்டுப் பேசாதிருந்தவர்கள், அதன்பின் பேச விரும்பியும் நேரிற் காண இயலாதிருந்த மாதங்கள் அவை. எத்துணையோ வீடுகளில் எதிர்பாரா இழப்புகள் நேர்ந்த காலமும் அதுவே. கல்லூரி திறந்த அன்று அவர்களுள் நால்வர் அம்மாணவனைத் தேடிச் சென்று, தோளில் கைபோட்டுத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனதைக் கண்டோம். நல்லூழாக அத்தேநீருக்குக் காலம் இடங்கொடுத்தது. எல்லாப் பிணக்குகட்கும் காலம் அவ்வாறு இடங்கொடுப்பதில்லை.

பெரியோர் கருத்தும் நம் கருத்தும்

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேள்வியுற்ற பெரியோர் சிலர், "பந்தாட்டமே பகைக்கு வித்து, படிக்க வந்த பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்புவானேன்? பொருளும் பொழுதும் வீண், வழிப்பயணத்தில் இடரும் உண்டு" என்கின்றனர். பெற்ற மனத்தின் கவலை அதில் இருக்கிறது. அதனைப் புறந்தள்ள நாம் துணியோம். தேர்வு நெருங்குங்கால் போட்டிகளைக் குறைக்க வேண்டும் என்பதிலும், பயணத்தில் பொறுப்புள்ள ஆசிரியர் உடன் செல்ல வேண்டும் என்பதிலும் நமக்கு உடன்பாடே.

ஆனால் அனுப்பவே வேண்டா என்பதை ஏற்பதற்கில்லை. உள்ளூரில் ஆடுபவனுக்கு ஊரே துணை நிற்கிறது. வெளியூரில் ஆடுபவன் தனக்கு எதிராக ஆயிரம் குரல் எழுவதைக் கேட்டும் நிதானம் இழவாதிருக்கப் பழகுகிறான். நடுவரின் தீர்ப்புத் தனக்கு மாறாக அமையினும் கைகட்டி நிற்கப் பழகுகிறான். தோற்றபின் எதிரணித் தலைவனின் கையைப் பற்றிக் குலுக்கப் பழகுகிறான். நாளை அவன் நேர்முகத் தேர்வில் தோற்கலாம், வாணிகத்தில் நொடிக்கலாம், அயல்நாட்டில் தனிமையில் உழலலாம். அன்று அவனுக்குத் துணை நிற்கும் பாடத்தை எந்தப் பாடநூலில் வைத்து நாம் கற்பிப்பது? தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் தோல்வியைத் தாங்கமாட்டாது இளந்தளிர்கள் கருகிய செய்திகளை நாளிதழ்களில் படித்து நெஞ்சு பதறுகிறோம். தோற்றுப் பழகாத நெஞ்சுக்கு முதல் தோல்வியே இறுதியாகத் தோன்றிவிடுகிறது. திருவள்ளுவர் இடுக்கண் அழியாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தை மனப்பாடம் செய்ய வகுப்பறை போதும். வாழ்ந்து பழக மைதானம் வேண்டும்.

ஆசிரியர் பெருமக்கட்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஐதராபாத்தின் சையத் அப்துல் ரகீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. கடுங்குளிரில் வெறுங்காலுடன் ஆடியதன் விளைவை நாடு உணர்ந்தது. அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. ரகீம் துவளவில்லை. 1956இல் மெல்போர்னில் அவரது அணி ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என வென்று அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் அதே யுகோசுலாவியாவிடம் நான்குக்கு ஒன்று எனத் தோற்று, நான்காம் இடம் பெற்றது.

1962இல் யகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் தென்கொரியாவிடம் முதற்போட்டியிலேயே இரண்டுக்குச் சுழியம் எனத் தோல்வி. அரங்கில் இருந்த மக்களும் அரசியல் காரணத்தால் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டனர். ஆயினும் செப்டம்பர் 4ஆம் நாள் இறுதிப்போட்டியில் அதே தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் வென்றது. கோல்காத்தவர் பீட்டர் தங்கராஜ். தலையில் தையல் போட்ட காயத்துடன் ஆடி ஒரு கோல் அடித்தவர் ஜர்னைல் சிங். நோயுற்றிருந்த ரகீம் அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். பத்துக் கோல் தோல்விக்கும் தங்கப் பதக்கத்திற்கும் இடையே பத்தாண்டுகள். அப்பத்தாண்டும் ஓர் ஆசிரியரின் பொறுமை. எல்சிங்கியோடு இனிப் போட்டிகளே வேண்டா என்று நாடு முடிவு செய்திருந்தால் யகார்த்தா ஏது?

செய்யத்தக்கன

கருத்துரைப்பதோடு அமையாது, நம் கல்லூரி அளவில் செய்யக் கூடியன சிலவற்றை முன்வைக்கிறோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

முதலாவது: வென்று வரும் அணியை மாலையுடன் வரவேற்பது போலவே தோற்று வரும் அணியையும் வரவேற்க வேண்டும். மாலை வேண்டா, வாயிலில் நான்கு ஆசிரியரும் பத்து மாணவரும் நிற்கட்டும், விடுதி அடுக்களையில் சூடான தேநீரும் சோறும் காத்திருக்கட்டும். அதுவே போதும். தோற்று வந்த இரவில் கிடைத்த ஒரு குவளைத் தேநீரை எந்த மாணவனும் வாழ்நாளில் மறவான்.

இரண்டாவது: தோல்விக்குப்பின் எந்த ஒரு வீரரின் பெயரையும் சுட்டிப் பழித்தல் கூடாது. மன்னாவுக்கு நாடு அளித்த மறுவாய்ப்பை நம் அணியில் பெனால்டி தவறவிட்ட பிள்ளைக்கும் நாம் அளிக்க வேண்டும்.

மூன்றாவது: நம் மைதானத்துக்கு வரும் வெளியூர் அணிக்குத் தண்ணீரும் நிழலும் உணவும் முதலில். அவர்கள் அடிக்கும் நல்ல கோலுக்கும் நம் கைகள் தட்ட வேண்டும். வெண்ணிக்குயத்தியார் நமக்குக் கற்பித்தது அதுவே.

நான்காவது: நம்மிடையே வேறோர் அணியை விரும்புவோன் இருப்பின், நாம் தோற்ற நாளில் அவனையே முதலில் உணவுக்கு அழைக்க வேண்டும்.

ஐந்தாவது: அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கம் தோற்ற அணிகளுக்கு ஒதுக்கப்படட்டும். அவர்கள் ஆடிய ஊர், நாள், எதிரணி, பெற்ற கோல், இழந்த கோல் ஆகியன அச்சேறட்டும். கல்லூரியின் வரலாற்றில் அவர்களும் உளர் என்பதை அப்பக்கம் சொல்லட்டும்.

மாணவச் செல்வங்களே! அணி தோற்ற நாளில் வருந்துங்கள். வருந்துதல் அன்பின் அடையாளம். ஆனால் வருத்தம் வசையாகவோ பகையாகவோ திரிய இடங்கொடாதீர்கள். பெரியோர்களே! மைதானத்திலிருந்து புழுதியுடனும் வாடிய முகத்துடனும் வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை கோல் அடித்தாய்?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். வெற்றியைப் பகிர்ந்துகொள்ள ஊர் முழுதும் வரும். தோல்வியைப் பகிர்ந்துகொள்ள வருவோரே உற்றார். அவ்வுற்றாராய் இருக்க நம் கல்லூரிச் சமுதாயம் முன்வருமாக!